ஊஞ்சப்பாளையத்து நால்வர் கார் பிடித்த கதை

ஊஞ்சப்பாளையம் எங்கே இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் சரியான பதில் வராது. "நாங்க அங்கிருந்து வர்றவங்க. அங்க போறவங்களைக் கேளுங்க" என்பார்கள். அப்படிப்பட்ட ஊரிலிருந்து நான்கு பேர் தினமும் கருக்கம்பதி நூல் மில்லுக்கு வேலைக்குப் போய், மாலையில் அதே ஊருக்குத் திரும்பியும் வந்தார்கள் என்றால் அதுவே பெரிய காரியம்தான்.

நால்வருக்கும் தலைவன் சென்னியப்பன். யாரும் அவனைத் தேர்ந்தெடுக்கவில்லை. எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பான். மற்ற மூவருக்கும் அது ரொம்பப் பிடித்துப்போயிற்று, அவ்வளவுதான். மூவரில் ஒருத்தி அவன் மனைவி துளசிமணி. இன்னொருவன் அவளுடைய அண்ணன் நாச்சிமுத்து. மாட்டுச் சந்தையிலேயே பிறந்து வளர்ந்தவன் மாதிரி மாடு தரகு பேசுவான். கடைசி ஆள் வீரக்குட்டி. டிராக்டர் ஓட்டத் தெரிந்தவன், லைசென்சும் வைத்திருந்தான், ஆனால் அதைக் காட்டினால் அழுக்காகிவிடும் என்று பெட்டியில் பூட்டி வைத்திருந்தான்.

சென்னியப்பனுக்கு இந்த மில் வேலை கடைசி வேலை. இதற்கு முன்னால் கோழிப்பண்ணையில் இருந்தான். ஒரு முட்டைகூடக் குறையக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டுப் போக, முட்டை ஏற்ற வந்த லாரியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டான். அப்புறம் கல்யாண மண்டபத்தில் காவல். பத்திரிகை இல்லாத ஆளை உள்ளே விடாதே என்றார்கள். அவன் மாப்பிள்ளையை நிறுத்திவிட்டான். பாவம், மாப்பிள்ளைக்கு யாரும் பத்திரிகை வைத்திருக்கவில்லை. அதன் பிறகு சுற்றுவட்டாரத்தில் அவன் பெயரைச் சொன்னாலே முதலாளிமார் எழுந்து உள்ளே போய்விடுவார்கள். மில்லும் கைவிட்டால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் பிழைப்புக்கு வழியில்லை. இது சென்னியப்பனுக்குத் தெரியும். அவனுக்குத் தெளிவாகத் தெரிந்த சில விஷயங்களில் இது ஒன்று.

அந்த மில்லில்தான் நால்வரும் தினம் தினம் தாமதமாகப் போய் நின்றார்கள். காரணம் பஸ். காலையில் ஊருக்கு இரண்டு டவுன் பஸ் வரும். ஒன்று விடியற்காலையில் வருவது. மற்றொன்று சாவகாசமாக வந்து, வேலை தொடங்கி நன்றாகச் சூடு பிடித்த பிறகு மில் வாசலில் இறக்கிவிடும். ஒரே ஒரு நாள் முதல் பஸ்ஸில் போய்ப் பார்த்தார்கள். மில் கேட் பூட்டியிருந்தது.

"சாத்திப்போட்டாங்களே" என்றாள் துளசிமணி.

"இன்னும் எத்தனை வெள்ளனே வர்றது?" என்று நாச்சிமுத்து நொந்துகொண்டான். அடுத்த பஸ்ஸிலேயே ஊருக்குத் திரும்பி, அன்றைக்கு லீவு போட்டுவிட்டார்கள். அதிலிருந்து முதல் பஸ்மேல் அவர்களுக்கு நம்பிக்கை போய்விட்டது.

மேனேஜர் விஜயராகவன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் நால்வரையும் கூப்பிட்டு, "வர்ற திங்கக்கிழமையிலிருந்து எட்டு மணிக்கு கேட்டைச் சாத்தச் சொல்லிட்டேன். ஒரு நாள் வெளிய நின்னாலும் நாலு பேருக்கும் அன்னிக்கோட வேலை முடிஞ்சுது" என்றார்.

துளசிமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் அழுவதைப் பார்த்து வீரக்குட்டியும் அழுதான். மேனேஜருக்கு மனசு இளகிவிட்டது.

"பஸ்ஸை நம்பினா இப்படித்தான். நாலு பேர் சேர்ந்து பழைய கார் ஒண்ணு வாங்குங்க. விலை கம்மியா இருக்கணும், ஆனா நம்பகமா இருக்கணும். இஞ்சின் குளிர்ந்து இருக்கறப்ப ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. வேலைக்கு வர்ற வழியிலயே ஓட்டிப் பாருங்க. முக்கியமா, விக்கறவன் சொல்றதை நம்பிடாதீங்க."

மேனேஜர் சொன்னது நல்ல யோசனை. யாருக்குச் சொன்னார் என்பதில்தான் கொஞ்சம் பிசகிவிட்டது.

மறுநாளே பழைய கார் விற்கும் ஷெட் ஒன்றுக்குப் போனார்கள். கடைக்காரர் பளபளவென்று நின்ற ஒரு வண்டியைத் தட்டி, "கண்ணை மூடிட்டு எடுக்கலாங்க. ஒரு வேலையும் இல்லாத வண்டி" என்றார்.

"விக்கறவரு சொல்றாரு" என்று துளசிமணி காதோரமாகச் சொன்னாள். நால்வரும் அந்த வண்டியை விட்டு இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார்கள்.

அவர் காட்டிய வண்டிகள் எல்லாவற்றையும் அவர் புகழ்ந்தார். அதனால் எல்லாம் கழிந்துபோயின. மூலையில் கோவைக்கொடி படர்ந்து ஒரு கார்க் கூடு கிடந்தது. வீரக்குட்டி அதைக் காட்டினான்.

"அதை விடுங்க, அது காயலான் கடைக்குப் போறது" என்றார் கடைக்காரர்.

"பாத்தயா மாப்ள, நல்லதை மூலையில ஒளிச்சு வெச்சிருக்கறாங்க" என்றான் நாச்சிமுத்து.

சென்னியப்பன் போய் அதன் முன்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். "இஞ்சின் சில்லுன்னு இருக்குது."

"அதுல இஞ்சினே இல்லைங்க."

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு துணிச்சலாகப் பொய் சொல்கிற மனிதரை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. அந்தக் காரையே முடித்துவிடலாம் என்று கதவைத் திறந்தால், டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழிப்பண்ணை அனுபவம் உள்ள சென்னியப்பன், குஞ்சு பொரிக்கும்வரை வண்டியை யாரும் அசைக்கக் கூடாது என்று கடைக்காரருக்கே உத்தரவு போட்டான். அதற்குப் பிறகு அங்கே அவர்களை நிற்க விடவில்லை.

அடுத்த நாள் டீ குடிக்க வெளியே வந்தபோது, மில்லுக்கு நேர் எதிரே இருந்த மாவு மில் வாசலில் 'கார் விற்பனைக்கு' என்று ஒரு அட்டை தொங்கியது. அட்டைக்குப் பின்னால் வெள்ளை நிறத்தில் ஒரு சின்னக் கார் வெயிலில் நின்றது. உடைமைக்காரர் ராக்கியப்பன், மாவு மில் முதலாளி. புருவமெல்லாம் மாவு படிந்த, நல்ல மனுஷர். பொய் சொல்லத் தெரியாதவர். அவருக்கு வந்த கஷ்டமெல்லாம் அதனால்தான்.

"பழசுதானுங்க. ஆனா நல்லாப் பாத்துக்கிட்டேன்" என்றார். "ஏசி வேலை செய்யாது. பின்கதவைச் சித்தே அடிச்சுத்தான் சாத்தோணும்."

நால்வரும் வேப்பமரத்தடிக்கு ஒதுங்கிப்போய்க் கூடிப் பேசினார்கள்.

"ஏசி வேலை செய்யாதுங்கறாரு" என்றான் வீரக்குட்டி.

"அப்படின்னா செய்யும்" என்றாள் துளசிமணி.

"நல்லாப் பாத்துக்கிட்டேன்ங்கறாரே?"

"அப்ப பாத்துக்கல."

இந்த இடத்தில் மூன்று பேருக்கும் குழப்பமாகிவிட்டது. எல்லோரும் சென்னியப்பனைப் பார்த்தார்கள். அவன் கண்ணை மூடி, வெகுநேரம் மூச்சு விட்டான்.

"யாரும் பாத்துக்காமலே இத்தனை வருசம் ஓடியிருக்குது. ஏசியும் கெடல. பாத்துக்கிட்டு ஓடற வண்டி எல்லார்த்துகிட்டயும் இருக்குது. பாத்துக்காம ஓடுதுன்னா அதுதான் நம்பகம்."

துளசிமணிக்குப் பெருமையில் முகம் மலர்ந்தது. இந்த மனுஷனுக்கா ஒரு வேலை நிலைக்க மாட்டேன் என்கிறது என்று அவள் மனசுக்குள் வருத்தப்பட்டாள்.

அடுத்து இஞ்சின். சென்னியப்பன் முன்பக்கத்தைத் தொட்டுவிட்டுக் கையை உதறினான். கொதித்தது.

"காய்ச்சலா இருக்குது" என்றான்.

"வெயில்ல நின்னா அப்படித்தானுங்க இருக்கும்" என்றார் ராக்கியப்பன். விற்கிறவர் சொன்னார் என்பதற்காகவே வெயில் காரணமாக இருக்க முடியாது என்று முடிவாயிற்று. நாச்சிமுத்து தன் துண்டை நனைத்துக் காரின் நெற்றியில் போட்டான். துளசிமணி அவ்வப்போது துண்டைத் திருப்பிப் போட்டாள். வேலை முடிந்து மாலையில் வந்து மறுபடி தொட்டுப் பார்த்தார்கள். குளிர்ந்திருந்தது. ராக்கியப்பன் சாவியைத் திருக, முதல் திருகிலேயே இஞ்சின் ஓடியது. "காய்ச்சல் விட்டதும் நல்லா எந்திரிச்சிருச்சு" என்று துளசிமணி கையெடுத்துக் கும்பிட்டாள்.

பிறகு நாச்சிமுத்துவின் முறை. அவன் மாடு பார்க்கிற மாதிரிதான் காரைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்த பார்வை அது ஒன்றுதான். முன்னால் குனிந்து கம்பிகளைப் பல் பிடித்துப் பார்த்தான். பக்கவாட்டில் தடவிக்கொடுத்துக்கொண்டே, கையை எடுக்காமல், மெல்லப் பின்பக்கம் போனான். திடீரென்று போய் நின்றால் மிரண்டு உதைத்துவிடும் அல்லவா. கதவில் இருந்த ஒரு நசுங்கலை விரலால் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "இது நல்ல சுழி. குடும்பத்துக்கு ஆகும்" என்றான்.

வேலைக்கு வருகிற வழியில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றும் மேனேஜர் சொல்லியிருந்தார் இல்லையா. கார் நின்றதோ மில்லுக்கு எதிரில். அங்கிருந்து ஊருக்குப் போனால் அது வீட்டுக்குப் போகிற வழி. வேலைக்கு வருகிற வழி ஆகாது. அதனால் அவர்கள் பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார்கள். ராக்கியப்பன் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு பின்னாலேயே வந்து, ஊஞ்சப்பாளையத்தில் அவர்களை ஏற்றிக்கொண்டு மில்லுக்குத் திரும்பினார். வழியில் டவுன் பஸ் நிற்கிற இடத்திலெல்லாம் நிறுத்தச் சொன்னார்கள். தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிற நாச்சிமுத்து காரிலும் நின்றுகொண்டுதான் வருவேன் என்று பிடிவாதமாக, தலையைக் கூரையில் முட்டுக்கொடுத்து, முதுகை வளைத்து, மில் வாசல்வரை வந்தான்.

"எப்படி மச்சா?" என்றான் சென்னியப்பன்.

"பஸ்ஸை விடக் கூட்டம் கம்மி" என்றான் நாச்சிமுத்து, கழுத்தைப் பிடித்தபடி.

விலை பேசுவதும் சந்தை முறையில்தான். நாச்சிமுத்து ராக்கியப்பனின் கையைப் பிடித்து, தன் துண்டை மேலே போட்டு, அதற்குள் விரல்களை அழுத்தினான். மாட்டுச் சந்தையில் வாய் திறக்காமல் இப்படித்தான் விலை பேசுவார்கள்; எந்த விரலை எத்தனை பிடித்தால் எவ்வளவு என்று கணக்கு உண்டு. ராக்கியப்பனுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. அவருக்குக் கூச்சம் மட்டும் உண்டு. அவர் நெளிய, "கட்டாதுங்க" என்றான் நாச்சிமுத்து. அவர் சிரிப்பை அடக்க முடியாமல் கையை இழுக்க, "அதுவும் வெலை எச்சுங்க" என்றான். கடைசியில், கையை விட்டால் போதும், நீங்களே ஒரு விலை சொல்லுங்கள் என்று ராக்கியப்பன் கெஞ்ச ஆரம்பித்தார். அப்படியாகக் கார் நல்ல மலிவாகவே முடிந்தது. நால்வரும் சேர்த்து வைத்திருந்ததைக் கொடுத்தார்கள். ராக்கியப்பன் காகிதங்களில் கையெழுத்துப் போட்டு, சாவியை எடுத்து நீட்டினார்.

நால்வரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

"சாவிங்க" என்றார் ராக்கியப்பன்.

"தெரியுதுங்க. நீங்களே வெச்சுக்கோங்க" என்றான் சென்னியப்பன்.

அந்தப் பக்கத்தில் மாடு விற்றால் கயிறு கொடுப்பதில்லை. மாட்டோடு கயிறும் போனால் விற்றவன் வீட்டுப் பட்டி விளங்காது என்று ஒரு நம்பிக்கை. வாங்குகிறவன்தான் புதுக் கயிறு கொண்டுபோய்ப் பிடித்து வர வேண்டும். ராக்கியப்பன் நல்ல மனுஷர். அவர் வீட்டு லட்சுமியைக் கையோடு கொண்டுபோகிற பாவத்தைச் செய்ய அவர்களுக்கு மனசு வரவில்லை.

"கார்ல அதெல்லாம் கிடையாதுங்க. சாவி உங்களோடதுதான், எடுத்துக்கோங்க" என்றார் அவர்.

"விக்கறவரு சொல்றாரு" என்றாள் துளசிமணி.

நாச்சிமுத்து மடியிலிருந்து ஒரு புதுச் சாவியை எடுத்துக் காட்டினான். மஞ்சள் தடவி, குங்குமம் வைத்திருந்தது. சந்தைக்குப் போகும்போது கயிறு கொண்டுபோகிறவன் இதை மட்டும் மறப்பானா? பாத்திரக் கடையில் ஒரு பூட்டு வாங்கி, பூட்டைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, சாவியை மட்டும் கொண்டு வந்திருந்தான்.

ராக்கியப்பன் அந்தச் சாவியைப் பார்த்தார். அவர்களைப் பார்த்தார். சனிக்கிழமை மாலை அவரே காரை ஓட்டி வந்து சென்னியப்பன் வீட்டு வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு, தன் சாவியோடு பஸ் ஏறிப் போனார். பஸ் டிக்கெட்டுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு ஓய்வு. புது இடம், பழகட்டும் என்று நாச்சிமுத்து பக்கத்திலேயே உட்கார்ந்து தடவிக்கொடுத்தான். திங்கட்கிழமை கோழி கூவியதும் நால்வரும் குளித்து, திருநீறு பூசி, காரில் ஏறி உட்கார்ந்தார்கள். வீரக்குட்டி குங்குமச் சாவியைத் துளையில் வைத்தான். நுழையவில்லை. திருப்பி வைத்தான். அப்போதும் நுழையவில்லை.

இன்றைக்குத்தான் கேட் சாத்துகிற முதல் நாள்.

"புதுக் கயித்துக்கு மாடு உடனே கட்டுப்படாது மாப்ள. நாளாகும்" என்றான் நாச்சிமுத்து.

"அதுவரைக்கும் வேலைக்கு எப்படிங்க மாமா போறது?" என்று துளசிமணி கணவனைக் கேட்டாள்.

சென்னியப்பன் கண்ணை மூடினான். தூரத்தில் முதல் பஸ் ஹாரன் அடித்தது. அவன் கண்ணைத் திறந்தான்.

"கயிறு விலைக்குத்தான் வாங்கக் கூடாது. இரவல் வாங்கலாமில்ல? பொழுது சாய்ஞ்சதும் திருப்பிக் குடுத்துப்போடலாம்."

நால்வரும் ஓடிப்போய் முதல் பஸ்ஸைப் பிடித்தார்கள். கருக்கம்பதியில் இறங்கியபோது மில் கேட் பூட்டியிருந்தது. துளசிமணி பதறிப்போனாள். "அதைப் பாக்காதே அம்மிணி. நாம இன்னும் ஊர்லருந்து கெளம்பவே இல்ல. அது நமக்குச் சாத்துனது இல்ல" என்று சென்னியப்பன் தேற்றினான். மாவு மில்லிலேயே குடியிருந்த ராக்கியப்பனை எழுப்பிச் சாவியை வாங்கி, திரும்புகிற பஸ்ஸில் ஊருக்கு வந்து, காரில் ஏறினார்கள். வீரக்குட்டி உழவு ஓட்டுகிற மாதிரி ஓட்டினான். நேராகப் போனான், திரும்பும்போது மட்டும் நின்று, இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பினான். எட்டு அடிப்பதற்குள் மில் வாசலில் போய் நின்றார்கள். வாட்ச்மேன் கேட்டை இன்னும் சாத்தவில்லை. சென்னியப்பனுக்குச் சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தன் வாழ்நாளில் அவன் சரியான நேரத்துக்கு எங்கேயும் போய்ச் சேர்ந்ததே இல்லை, தன் கல்யாணத்துக்குக்கூட.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. காலையில் பஸ்ஸில் போய்ச் சாவி வாங்கி, பஸ்ஸில் திரும்பி, காரில் வேலைக்குப் போனார்கள். மாலையில் காரில் வீட்டுக்குப் போய், பஸ்ஸில் வந்து சாவியைக் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் திரும்பினார்கள். ராக்கியப்பன் தினமும், சாவியை வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுவார். அவர்கள் தினமும் நம்ப மறுத்தார்கள். "கார் வாங்குனதுக்கப்புறம் பஸ்ல போறது பழகிப்போச்சு" என்று வீரக்குட்டி ஊரில் பெருமையடித்தான்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு வியாழக்கிழமை, ஊருக்குத் திரும்புகிற பஸ் எங்கேயோ டயர் வெடித்து நின்றுவிட்டது. நால்வரும் மில்லுக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் சாவியோடு நின்றார்கள். பஸ் வரவில்லை. மில் கேட் திறந்தது. ஆட்கள் சாரிசாரியாக உள்ளே போனார்கள். சென்னியப்பன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். வாட்ச்மேன் கேட்டின்மேல் கையை வைத்துவிட்டார். அப்போது மேனேஜரின் பைக் வந்து நின்றது.

"என்னப்பா, ரோட்டுக்கு இந்தப் பக்கமே நிக்கிறீங்க? மணியாச்சு, உள்ள போங்க."

"முடியாதுங்க சார்" என்றான் சென்னியப்பன். "நாங்க இன்னும் ஊர்லருந்து கெளம்பலீங்க."

"நீங்க இங்கதானேய்யா நிக்கிறீங்க?"

"நிக்கறதென்னமோ இங்கதானுங்க சார். கார் ஊர்ல நிக்குது. பஸ் வந்தாத்தான் போயி எடுத்துட்டு வர முடியும். இன்னிக்கு எப்படியும் லேட்டாயிரும். எங்க நாலு பேர் வேலையும் போச்சுங்க."

அவன் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தான். துளசிமணி அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். நாச்சிமுத்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். மேனேஜர் ஒரு நிமிஷம் அவர்களையும், இருபதடி தூரத்தில் திறந்திருந்த கேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பைக்கை அப்படியே நிறுத்திவிட்டு, சென்னியப்பனின் கையைப் பிடித்து ரோட்டைக் கடந்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். மற்ற மூவரும் பின்னாலேயே வந்தார்கள். வீரக்குட்டி மட்டும் கேட்டில் தயங்கி, "கார் இல்லாம வந்தாச் செல்லுங்களா?" என்று கேட்டான். வாட்ச்மேன் அவனை உள்ளே தள்ளிக் கேட்டைச் சாத்தினார்.

உள்ளே போனதும் மேனேஜர் முழுக் கதையையும் கேட்டார். சாவி, கயிறு, லட்சுமி எல்லாவற்றையும் கேட்டார். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். பிறகு எரிச்சல் தாங்காமல், "சாவி அவர்கிட்டதான் இருக்கணும்னா காரையும் அவர்கிட்டயே விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே?" என்று கத்தினார்.

நால்வரும் அப்படியே நின்றுவிட்டார்கள். இத்தனை நாள் இது யாருக்கும் தோன்றவில்லையே. படித்தவர் படித்தவர்தான் என்று சென்னியப்பன் மேனேஜரைக் கும்பிட்டான்.

அன்று மாலையே வீரக்குட்டி ஊருக்குப் போய்க் காரைக் கொண்டுவந்து ராக்கியப்பனின் மாவு மில் வாசலில், முதலில் நின்ற அதே இடத்தில் நிறுத்தினான். சாவியை ஆணியில் மாட்டினான். ராக்கியப்பன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மாவு அரைக்க வந்தவர்கள், வண்டி விலை போகவில்லையா என்று விசாரித்தார்கள்.

இப்போது நால்வரும் முதல் பஸ்ஸில் கருக்கம்பதியில் இறங்கி, பூட்டியிருக்கும் கேட்டைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மாவு மில்லுக்குப் போவார்கள். காரில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். எட்டு மணி நெருங்கும்போது கார் புறப்பட்டு, ரோட்டைக் கடந்து, மில் வாசலில் நிற்கும். முதல் நாள் ஒரு சிக்கல் வந்தது. மூவரை இறக்கிவிட்டு வீரக்குட்டி காரை மாவு மில்லில் விட்டுவிட்டு நடந்து வருவதற்குள் கேட்டைச் சாத்திவிடுவார்களே. அதனால் ராக்கியப்பனே ஓட்டிக்கொண்டு வந்து, நால்வரையும் இறக்கிவிட்டு, திரும்பி மாவு மில்லுக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார். மாலையில் வந்து பஸ் ஸ்டாப்பில் கொண்டுபோய் விடுகிறார். ஞாயிற்றுக்கிழமை மில் லீவு. அன்றைக்கு வண்டி சும்மாதானே நிற்கிறது, வேண்டுமானால் நீங்கள் குடும்பத்தோடு எங்கேயாவது போய் வாருங்கள், வாடகையெல்லாம் வேண்டாம் என்று சென்னியப்பன் அவருக்குப் பெரிய மனசு பண்ணி அனுமதி கொடுத்திருக்கிறான்.

அதன் பிறகு அவர்கள் ஒரு நாளும் தாமதமாக வரவில்லை. வேலை நிலைத்தது. மாசக் கடைசியில் மேனேஜர் அவர்களைக் கூப்பிட்டுப் பாராட்டினார். அவர் மச்சினன் ஒரு பழைய கார் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொல்லி, "உங்க வண்டி எப்படிப்பா இருக்குது?" என்று சும்மா ஒரு வார்த்தை கேட்டார்.

"தங்கமான வண்டிங்க சார்" என்றான் சென்னியப்பன். "உங்க புத்தியைக் கேட்ட அன்னிக்கிலிருந்து ஒருக்காக்கூட பெட்ரோல் போடலீங்க. நடுவழியில ஒரு நாளும் நின்னதில்லீங்க. டயர் புதுசாவே இருக்குது."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் யோசித்தான். மேனேஜர் நல்லவர், அவருடைய மச்சினன் ஏமாந்துவிடக் கூடாது.

"ஒண்ணு மட்டும் சொல்லி வைங்க சார். கார் வாங்கறவங்க எல்லாரும் ஒரே தப்பைத்தான் பண்றாங்க. வாங்குன கையோட வீட்டுக்குக் கொண்டு போயிடறாங்க. அப்புறம் வேலைக்குத் தூரமாயிடுதுங்க."